கயாக்கில் ஃபிஷ் ஃபைண்டர்: திரையின் அளவைவிட டிரான்ஸ்டியூசரின் இடமே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கயாக் (துடுப்பாலோ பெடலாலோ ஓட்டும் குறுகலான சிறு படகு) மீன்பிடிப்பு பற்றி வெளிவந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நீரின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியைப் பொருத்துவதற்கு அதில் ஒரே ஒரு பத்திதான் கிடைத்தது. டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) கயாக்கின் உள்ளே சிலிக்கான் பசையால் ஒட்டிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்ற பொருளில் அந்தப் பத்தி இருந்தது. அதை நம்பி வேலையில் இறங்குபவருக்குத் திரையில் ஆழமே வராமல் போகலாம். வந்தாலும் சில நாளில் இணைப்புகள் துருப்பிடித்து நின்றுபோகலாம். புதிதாகப் பொருத்த நினைப்பவர்களுக்காகச் சில விவரங்களை எழுதுகிறேன்.

கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது திரையின் அளவை. 5 அங்குலமா, 7 அங்குலமா, 9 அங்குலமா என்பதில்தான் பேச்சு ஓடுகிறது. கருவியின் கண்ணும் காதும் டிரான்ஸ்டியூசர்தான். அது சரியான இடத்தில் உட்காரவில்லையென்றால் எவ்வளவு பெரிய திரையும் வெறும் கோடுகளைத்தான் காட்டும்.

டிரான்ஸ்டியூசர் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி நீருக்குள் அனுப்புகிறது. அது தரையிலும் மீனிலும் பட்டு எதிரொலித்து வரும்போது, போய்வர ஆன நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். ஒலியைக் கடத்துவதில், கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் நீரிலிருந்து வெகுவாக மாறுபட்டதல்ல. அதனால் 5, 6 மி.மீ. கனமுள்ள கயாக்கின் சுவரைத் தாண்டி ஒலி போய்வந்துவிடும். வலு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காற்று அப்படியல்ல. நீரிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ வரும் ஒலி காற்றைத் தொட்டவுடன் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். காற்றிடைவெளி தலைமுடி அளவு இருந்தாலும் போதும். பல மீன்கள் திரையில் பளிச்சென்று தெரிவதே அவற்றின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையால்தான். பசைக்குள் சிக்கிய குமிழி கருவியைக் குருடாக்குவதும் இதே காரணத்தால்தான்.

எனவே முதல் கேள்வி, உங்கள் கயாக் எதனால் ஆனது என்பது. ஒரே அடுக்கு பாலிஎத்திலீன் என்றால் உள்ளே ஒட்டலாம். காற்றடைக்கும் கயாக்கில் உள்ளே வைக்கும் முறை எந்நாளும் நடக்காது, ஏனென்றால் நடுவில் இருப்பதே காற்று. நடுவில் நுரை அடுக்கு வைத்த மூன்றடுக்குக் கயாக்கிலும் இதே கதைதான். நுரை என்பதே குமிழிகளின் கூட்டம். அப்படிப்பட்ட கயாக்குகளுக்கு டிரான்ஸ்டியூசர் நீரைத் தொட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வி, உங்கள் டிரான்ஸ்டியூசர் எந்த வகை என்பது. 50, 83, 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கும் சாதாரண சோனாரும் (எதிரொலியால் ஆழம் பார்க்கும் முறை), அதே வரம்பில் இயங்கும் சிர்ப் சோனாரும் (ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு வரம்பு முழுவதும் ஒலி அனுப்புவது) சுவரைத் தாண்டி ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். 455, 800 கிலோஹெர்ட்ஸில் படம்போலக் காட்டும் டவுன் இமேஜிங் (நேர் கீழே பார்ப்பது), சைடு இமேஜிங் (இரு பக்கமும் பார்ப்பது) வகைகளை உள்ளே ஒட்டாதீர்கள். உயர் அலைவரிசை ஒலி பிளாஸ்டிக்கிலும் பசையிலும் அதிகம் தேய்ந்துபோகும். படத்தின் நுணுக்கம் முழுவதும் போய்விடும். சைடு இமேஜிங்குக்கு இரு பக்கமும் தடையில்லாத நீர் தெரிய வேண்டும். இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு அதை உள்ளே ஒட்டி வீணாக்குவது வருத்தமான விஷயம்.

உள்ளே ஒட்டுவது என்று முடிவானால், பசைக் குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 3 முதல் 5 மீட்டர் ஆழமுள்ள, தரை கெட்டியான இடத்தில் கயாக்கை நிறுத்தி, டிரான்ஸ்டியூசரைக் கையால் பக்கவாட்டில் நீருக்குள் பிடியுங்கள். சென்சிட்டிவிட்டி (மெல்லிய எதிரொலியைக் கருவி எவ்வளவு எடுக்கும் என்ற அமைப்பு) எத்தனையில் இருக்கிறது, தரைக்கோடு எவ்வளவு தடிமனாக இருக்கிறது, இரண்டு மடங்கு ஆழத்தில் மங்கலாக இரண்டாவது தரைக்கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கயாக்கின் உள்ளே, நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் கொஞ்சம் நீர் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரின் முகம் (ஒலி வெளிவரும் பக்கம்) முழுவதும் படும்படி வைத்து, அமைப்பு எதையும் மாற்றாமல் மறுபடி பாருங்கள். இரண்டாவது கோடு மங்கினால் பாதகமில்லை. தரைக்கோடே மெலிந்து விட்டுவிட்டு வந்தால் அந்த இடம் ஆகாது. ஒரு சாண் தள்ளி இன்னோர் இடத்தைப் பாருங்கள். அச்சில் வார்த்த கயாக்குகளில் சுவரின் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இடம் தட்டையாக இருக்க வேண்டும். கயாக்கின் அடிப்புறத்தில் நடுவே நீளமாக ஓடும் வரம்புக்கு மேலோ, அடியில் பள்ளமும் மேடும் உள்ள இடத்திலோ வைத்தால், ஓடும்போது அங்கே உருவாகும் குமிழிகள் ஒலியை மறைக்கும். பெடலில் இயங்கும் கயாக்கென்றால் துடுப்புத்தகட்டுக்கோ புரொப்பெல்லருக்கோ முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அது கலக்கிவிடும் நீரைத்தான் படம் பிடிக்கும். இன்னொன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தரையில் வைத்திருக்கும்போது கயாக் ஒரு மட்டத்தில் நிற்கும். ஆள் ஏறி உட்கார்ந்து சாமானும் ஏற்றினால் பின்பக்கம் தாழும். டிரான்ஸ்டியூசரின் முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டியது அந்த நிலையில்தான். ஆழமில்லாத நீரில் வழக்கமான சுமையோடு நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் மட்டக்கட்டையை உள்ளே வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். சில டிகிரி சாய்வு ஆழக் கணக்கைப் பெரிதாகக் கெடுக்காது; ஆனால் மீன் வளைவாகத் தெரியாமல் பாதிக் கோடாகத் தெரியும்.

இனி ஒட்டும் வேலை. பாலிஎத்திலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதோடு வெயிலில் அது நன்றாக விரியும். 3 மீட்டர் நீளக் கயாக் நிழலிலிருந்து கடும் வெயிலுக்கு வரும்போது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடும். கல்லாக இறுகும் எபாக்ஸி இந்த அசைவைத் தாங்காமல் தட்டாக உரிந்து வந்துவிடும். இறுகிய பின்னும் ரப்பர்போல வளையும் பசைதான் வேண்டும்: நியூட்ரல் வகை மரைன் சிலிக்கான், அல்லது நீருக்கடியில் பயன்படும் வளையும் ஒட்டுப்பசை. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

ஒட்டும் இடத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்தைத் தேய்க்க வேண்டாம். மென்மையான சோப்பு நீரால் கழுவித் துடைத்தால் போதும். கயாக்கின் உட்புறத்தில், டிரான்ஸ்டியூசரின் முகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குப் பசையைப் போடுங்கள். குழாயின் நுனியைப் பசைக்குள்ளேயே வைத்தபடி நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். நுனியை எடுத்து எடுத்துப் பொட்டுப் பொட்டாக வைத்தால் ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவில் காற்று சிக்கும். டிரான்ஸ்டியூசரின் முகத்திலும் மெல்லிய பூச்சு ஒன்று தடவிக்கொள்ளுங்கள். பிறகு அதை நேராக அமுக்காமல், ஒரு ஓரத்தை முதலில் வைத்து மறு ஓரத்தை மெதுவாகச் சாய்த்து இறக்கி, இடமும் வலமுமாகத் திருகி அழுத்துங்கள். சுற்றிலும் பசை பிதுங்கி வர வேண்டும். முகத்துக்கு அடியில் 2, 3 மி.மீ. மட்டுமே தங்க வேண்டும். அழுத்திய பிறகு தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். தூக்கினால் காற்று உள்ளே புகுந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் வழித்துவிட்டு முதலிலிருந்துதான். மேலே ஒரு சிறு மணல்பையை வைத்து, குறைந்தது 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் இறுகும். அகலமான முகத்தின் நடுப்பகுதி இறுக இன்னும் சில நாள் பிடிக்கும்.

நிரந்தரமாக ஒட்டத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மூடிய துளைகள் கொண்ட கெட்டி நுரைத் தகட்டில் டிரான்ஸ்டியூசர் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஒரு குழி வெட்டி, அந்த நுரைத் தகட்டை மட்டும் கயாக்கில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் குழியில் கொஞ்சம் நீர் விட்டு டிரான்ஸ்டியூசரை அதில் உட்கார வைத்தால் போதும். வேண்டும்போது கழற்றலாம். ஆனால் நாள் முழுக்க வெயிலில் இருந்தால் நீர் வற்றும். திரையில் ஆழம் திடீரென மறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழியைத்தான். உள்ளே வைக்கும் முறை எதுவானாலும், வெப்பநிலை என்று திரை காட்டுவது கயாக்கின் உட்புறச் சூடே தவிர நீரின் சூடல்ல.

நீரைத் தொட்டபடி பொருத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்கப்பர் துளையின் (மேல்தளத்தில் சேரும் நீர் வடியும் துளை) அடியில் டிரான்ஸ்டியூசர் உட்கார ஒரு பள்ளத்தோடே வரும் கயாக்குகள் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் அதையே பயன்படுத்துங்கள். கயாக்கின் அடிமட்டத்துக்கு வெளியே டிரான்ஸ்டியூசர் துருத்திக்கொண்டிருந்தால் மணலில் இழுக்கும் முதல் தடவையே உடையும். காப்புத் தகடு போடாமல் விடாதீர்கள். டிரான்ஸ்டியூசரைப் பொருத்துவதற்காக ஸ்கப்பர் துளையைக் குடைந்து பெரிதாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது மேல்தளத்தையும் அடிப்புறத்தையும் இணைக்கும் தூண். அங்கே வரும் விரிசல் வழியாக நீர் நேராகக் கயாக்கின் வயிற்றுக்குள் போகும்.

மற்றது பக்கவாட்டுக் கை. விளிம்பில் இருக்கும் டிராக்கில் (சாமான்களைப் பொருத்துவதற்கான நீளப் பள்ளத் தண்டு) ஒரு கையைப் பொருத்தி, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரைத் தொங்கவிடுவது. துளை வேண்டாம், பசை வேண்டாம், படம் காட்டும் வகைகள் அத்தனையும் முழுத் திறனோடு வேலை செய்யும். முதல் முறை பொருத்துபவருக்கு என் பரிந்துரை இதுதான். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே இருக்கட்டும், சைடு இமேஜிங் என்றால் கயாக்கின் அடிப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கத்தைக் கயாக்கே மறைத்துவிடும். கையை உட்கார்ந்தபடியே எட்டித் தூக்கும் தூரத்தில் வையுங்கள், கரைசேரும்போது தூக்க மறந்தால் முதல் கல்லிலேயே போய்விடும். போல்ட்டால் அசையாமல் இறுக்குவதைவிட, எதிலாவது மோதினால் பின்னால் மடங்கும்படி எலாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது நல்லது. குறைகளும் உண்டு: பாசி சுற்றும், கயாக் அந்தப் பக்கமாக லேசாக இழுக்கும், மீன் அடியில் ஓடினால் தூண்டில் நரம்பு அதில் சிக்கும். மீனை எந்தப் பக்கம் ஏற்றுவீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் பொருத்துங்கள்.

திரை விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்துமூட்டு வைத்த தாங்கியில், கை எட்டும் தூரத்தில், துடுப்பு வீச்சுக்கு உள்ளே வராமல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கயாக் கவிழ்ந்தால் எந்தப் பக்கமாக நீங்கள் மறுபடி ஏறுவீர்களோ, அந்தப் பக்கம் திரையும் கேபிளும் இருக்கக் கூடாது. கவிழ்ந்த நேரத்தில் தளர்ந்து தொங்கும் கேபிள் காலில் சுற்றினால் அது உயிர் பிரச்சினை.

டிராக் இல்லாத கயாக்கில் மேல்தளத்தில் துளை போட்டே ஆக வேண்டும். அடிப்புறத்தில் எக்காரணத்துக்கும் துளை போடாதீர்கள். மேல்தளத்தில் போடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். மிதவை நுரையும் சுக்கான் கயிறும் அங்கேதான் ஓடும். டிரில் பிட்டில் ஒரு செ.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டால் பிட் ஆழமாகப் பாயாது. 316 வகை துருப்பிடிக்காத எஃகு போல்ட், உள்ளே அகலமான வாஷர் அல்லது தகடு, நடுவில் சிலிக்கான், அவ்வளவுதான். உள்ளே கை எட்டாத இடத்தில் ரப்பர் உறை கொண்ட வெல் நட் (இறுக்கும்போது உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும் நட்டு) போடலாம். பிளாஸ்டிக் குழியும் அளவுக்கு இறுக்காதீர்கள். சில வாரத்தில் அது தளர்ந்து கசியும்.

டிரான்ஸ்டியூசர் கேபிளின் முனையில் இருக்கும் பிளக் கேபிளைவிட நன்றாகப் பெரியது. அது நுழைய 20 முதல் 25 மி.மீ. துளை தேவைப்படும். துளையைச் சிறிதாகப் போட்டுவிட்டு, கேபிளை வெட்டி உள்ளே நுழைத்து மறுபடி இணைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கேபிளுக்குள் மின்சத்தத்தைத் தடுக்கும் உலோக வலைக்கவசம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய இடத்தில் கவசம் விட்டுப்போனால் திரையெங்கும் புள்ளிக்கோடுகள் விழும், உத்தரவாதமும் போய்விடும். மீதிக் கேபிளை எட்டு வடிவில் தளர்வாக மடித்துக் கட்டி உள்ளே ஒதுக்குங்கள். மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மின்மோட்டார் வைத்த கயாக்கென்றால் கருவிக்குத் தனி பேட்டரி கொடுத்துவிடுவதே சிறந்தது, ஏனென்றால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டிலிருந்து வரும் மின்சத்தம் ஒரே பேட்டரி வழியாகச் சோனாருக்குள் நேராகப் புகும்.

பேட்டரிக் கணக்கு எளிது. 5 அங்குலக் கருவி அரை ஆம்ப் அளவில் இழுக்கும். 7 அங்குலம் 1 ஆம்ப், வெளிச்சத்தை முழுவதும் கூட்டினால் அதற்கும் மேல். சரியான எண் உங்கள் கருவியின் கையேட்டில் இருக்கும். அரை ஆம்ப், 8 மணி நேரம் என்றால் 4 ஆம்ப்-அவர். 7 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரி இதற்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். கையில் கிடைப்பது மூன்றரைதான். அதே 7 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் ஏறத்தாழ பாதி. ஆனால் அதன் மின்னழுத்தம் கடைசிவரை 13 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுவிட்டுச் சட்டென்று விழும். லெட் ஆசிட்டை மனத்தில் வைத்து அமைத்த குறை-மின்னழுத்த எச்சரிக்கை அப்போது உதவாது. எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். சார்ஜரும் அந்த வகைக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

ஃபியூஸ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள், கையேடு சொல்லும் அளவில் போடுங்கள். சிறு கருவிகளுக்குப் பெரும்பாலும் 3 ஆம்ப். திரைக்கு அருகே போட்டால், நடுவில் எங்காவது ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது; பேட்டரியின் முழு மின்னோட்டமும் ஒயர் வழியாகப் பாய்ந்து அதை உருக்கிவிடும். ஒயருக்கு 1 சதுர மி.மீ. போதும். கயாக்கின் நீளத்துக்கு மின்னழுத்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல. செம்பு வெறுமனே இருக்கிறதா, வெள்ளீயம் பூசியதா என்பதுதான் பொருட்டு. உப்புநீரில் வெறும் செம்பு பச்சை பூத்து உறைக்குள்ளேயே உதிரும். ஒவ்வொரு இணைப்பையும் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும்) குழாயால் மூடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும்.

பேட்டரியை நடுக்கோட்டில், தாழ்வாக, பட்டையால் கட்டி வையுங்கள். நீர்புகாத பெட்டிக்குள் வைத்தபடியே லெட் ஆசிட்டைச் சார்ஜ் செய்யாதீர்கள். வெளிவரும் ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கும். பேட்டரியில் பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுங்கள். திரையை இணைக்கும் முன், பிளக்கில் மல்ட்டிமீட்டரை வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகமே இராது.

முதல் முறை இயக்கும்போது கடைக்காரர் விட்டுப்போன சிமுலேட்டர் நிலையில் கருவி இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அழகான மீன்களும் 12 மீட்டர் ஆழமும் தெரிந்தால் அதுதான் காரணம். அதை அணைத்துவிட்டு, டிரான்ஸ்டியூசரின் சரியான மாதிரியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். இது தவறாக இருந்தால் ஆழமும் படமும் இரண்டுமே தவறாகும். மீன் படங்களாகக் காட்டும் ஃபிஷ் ஐடி வசதியை அணைத்துவிடுங்கள். குமிழியையும் இலைக்குப்பையையும் அது மீன் என்றே வரைந்துவிடும்.

கயாக் நின்றுகொண்டிருந்தால் அடியில் நிற்கும் மீன் வளைவாகத் தெரியாது, நீண்ட கோடாகத்தான் தெரியும். ஒலி விரிந்து இறங்கும் கூம்புக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் மீன்தான் வளைவாகும். கூம்பு எவ்வளவு அகலம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: 20 டிகிரிக் கூம்பு 3 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 1 மீட்டர் அகலத்தையும், 10 மீட்டரில் மூன்றரை மீட்டரையும் பார்க்கும். ஆழம் குறைந்த நீரில் கயாக்கின் அகலத்துக்குச் சற்றே அதிகமான ஒரு துண்டைத்தான் கருவி பார்க்கிறது. திரையில் மீன் இல்லை என்பதற்காக அங்கே மீனே இல்லை என்று நகர்ந்துவிட வேண்டியதில்லை.

ஒரு மீட்டருக்கும் குறைவான நீரில் ஆழம் திடீரென இரண்டு மடங்காகக் காட்டினால், அது இரண்டாவது எதிரொலி, சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். வேகமெடுக்கும்போது மட்டும் ஆழம் மறைந்தால் டிரான்ஸ்டியூசரின் முன்னால் குமிழி ஓடுகிறது என்று பொருள்; இடம் மாற்ற வேண்டும் அல்லது இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். நின்றாலும் ஓடினாலும் விட்டுவிட்டு வந்தால், உள்ளே ஒட்டியவர்கள் பசையையும், மற்றவர்கள் பிளக்கின் ஊசிகளையும் பார்க்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் பிளக்குகளைக் கழற்றும் முன் நல்ல நீரால் எல்லாவற்றையும் அலசுங்கள். ஈரம் உலர்ந்த பிறகு கழற்றி மூடிகளைப் போடுங்கள். திரையை அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் அதன் மேற்பூச்சு போய்விடும். ஈரமான மென்துணி போதும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் லெட் ஆசிட் பேட்டரியை முழுச் சார்ஜிலும், லித்தியத்தைப் பாதிச் சார்ஜிலும், இரண்டையும் ஒயரிலிருந்து கழற்றியே வையுங்கள்.

இப்படிக்கு,
கயாக் மீன்பிடிப்பில் ஈடுபாடுள்ள வாசகர்